கவிழ்த்து வைத்த டம்ளர்

அந்தச் சமையலறைக்குக் கதவு கிடையாது. இருந்தும் அவர் வாசலில் நின்று, "உள்ள வரலாமுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். ஒரு வாய் தண்ணீர் எடுக்க வந்தாலும் அப்படித்தான். முதல் வாரம் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வீடு கம்பெனி வாடகைக்கு எடுத்தது. அடுப்பும் பாத்திரமும் கம்பெனி வாங்கிப் போட்டது. நான் மாதச் சம்பளத்துக்குச் சமைக்க வந்தவன். என்னிடம் எதற்கு அனுமதி? ஒரு மாதம் போன பிறகுதான் அது கேலி இல்லை, அவர் குணமே அது என்று புரிந்தது. லிஃப்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தால் அவரிடமும் கேட்பார். காய்கறி வண்டிக்காரியிடம், வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கலாமா என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில் கேட்பார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பிடி கூடப் போடுவாள்.

வீடு ஔந்த் என்கிற பகுதியில், இரண்டாவது மாடியில் இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி வெளியூரிலிருந்து வேலைக்கு எடுத்த பையன்களை அங்கே தங்க வைத்திருந்தது. இரண்டாயிரம் பிறக்கிற அன்றைக்கு உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் அங்கே சேர்ந்தேன். அதுவரை அதே நகரத்தில், கிர்க்கியில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் இருந்தேன்.

புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் முதல் நாளே என்னைக் கேட்பார்கள். எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். ஊர் ஓசூர்ப் பக்கம் என்பேன். கல்யாணம் இல்லை என்பேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பேன். கடைசியில் சொன்னது பொய். எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அந்தப் பையன்களில் அவர் ஒருவர்தான் எதையும் கேட்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அப்போது இருபத்தேழு வயது இருக்கும். ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்ட மாதிரி நடப்பார். எதையாவது சொல்வதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். நான் 'சார்' என்று கூப்பிட்டது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "தம்பின்னே கூப்புடுங்கண்ணா" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. மறுநாளும் சார் என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு நாலு பேர் உட்காருவார்கள். அவர், அதே வீட்டில் இருந்த மதுரைக்கார ரகு, எதிர்க் கட்டடத்தில் தோழிகளோடு தங்கியிருந்த மெட்ராஸ் பெண் வித்யா, பிம்ப்ரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற நிகில். நிகில் மராத்திக்காரன். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவான், ஆனால் 'நான் வர்றான், நான் போறான்' என்றுதான் பேசுவான்.

மேசையில் விதவிதமான பகடைகள் உருண்டன. சிலவற்றுக்கு எட்டுப் பக்கம், ஒன்றுக்கு இருபது பக்கம். படித்த பிள்ளைகள் வீட்டிலேயே சூதாடுகிறார்களே என்று எனக்கு வருத்தமாகப் போயிற்று. இரண்டாவது வாரம் அவரே வாசலில் வந்து நின்று, இதில் காசு எதுவும் கிடையாது, இது கதை என்றார். அவர் ஒரு ஊரைச் சொல்வார். மற்ற மூன்று பேரும் அந்த ஊருக்குள் போகிற ஆட்கள். ரகு வாள் வைத்திருக்கிறவன், வித்யா வைத்தியம் தெரிந்தவள், நிகில் திருடன். என்ன செய்யப் போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை அவர் சொல்வார்.

கேட்கக் கேட்க எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஞாயிறு மத்தியானம் எனக்கு விடுப்பு. கிர்க்கிக்குப் போய்ப் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வருவேன். அதை நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமைக்குக் காய் நறுக்குகிறேன் என்று சமையலறையிலேயே இருந்தேன். பீன்ஸை அவ்வளவு பொடியாக நான் அதற்கு முன்னால் நறுக்கியதில்லை. அவர் கதையில் கடல் வரும், ஆறு வரும், பாலைவனத்தில் ஊற்று வரும். கிணறு மட்டும் வராது. இதைக் கண்டுபிடித்தவன் ரகுதான். அவன் ஆள் ஒரு கிராமத்தில் தாகத்தோடு நின்றபோது, "ஏன்டா, உன் உலகத்துல ஒருத்தனுக்குமே கிணறு தோண்டத் தெரியாதா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

டம்ளர் எப்போது வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் கதையில் ஒரு வீடு தீப்பிடித்தது. அவர் அதை நன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வித்யா பகடையை வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் கை கம்பியை விடவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் தன் பெட்டியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். பழைய டம்ளர், கனமானது, விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. கதை போகிற வழி யாருக்காவது தாங்கவில்லை என்றால் டம்ளரைக் கவிழ்த்தால் போதும், கதை அந்த இடத்தோடு நின்றுவிடும் என்றார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் கேட்கக் கூடாது. கவிழ்த்தவர்தான் மறுபடி நிமிர்த்தலாம், வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அதோடு ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும், "இன்னிக்கு எது வேண்டாம்?" என்று கேட்கிற வழக்கமும் அன்றைக்குத்தான் வந்தது. வித்யா நெருப்பு என்பாள். நிகில் பாம்பு என்பான். ரகு ஒவ்வொரு வாரமும் தன் மேனேஜர் பெயரைச் சொல்வான்.

இந்தக் கேட்டுக்கொண்டு வருகிற குணமும், ஏன் என்று கேட்காத குணமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. வாசலில் நின்று கேட்பார், உள்ளே வந்த பிறகு எதையும் கிளற மாட்டார். ரகுவின் அப்பா இறந்து, அவன் மொட்டைத் தலையோடு மதுரையிலிருந்து திரும்பி வந்தபோது ஆபீஸில் எல்லாரும் விசாரித்தார்கள். நானும் விசாரித்தேன். அவர் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் துணிகளைத் துவைத்து, மடித்து, கட்டிலில் வைத்தார். சாயங்காலம் முழுக்கப் பால்கனியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் போன பிறகு ரகு சமையலறையில் வந்து நின்று சொன்னான். "எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுண்ணா. இவன் கேக்காதது நிம்மதியா இருந்துச்சு. ஆனா ஒரு வாரம் கழிச்சு, இவன் ஏன் இன்னும் கேக்கலைன்னு கோவமா வந்துச்சு." இதை அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன். "அவன்கிட்டப் பேசணும்னா நாமளாத்தான் ஆரம்பிக்கணும். அது நம்மால ஆகுதா?" என்றான்.

அது என்னாலும் ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதங்களை அடுக்கும்போது, அடுத்த வாரம் கதை போகிற ஊரில் மனிதர்களை விற்பதும் வாங்குவதும் உண்டு என்றார். மலையைக் குடைந்து கட்டுகிற ஊர். கல் உடைப்பவர்கள் எல்லாரும் அடிமைகள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அங்க போனா அவங்க சும்மா ஓரத்துல மேசை நாற்காலி மாதிரி நிக்க மாட்டாங்க. மனுசங்களாத்தான் வருவாங்க, பேசுவாங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, ஊரையே மாத்திடறேன்." வித்யா யோசித்து, அடிப்பதை விவரமாகச் சொல்ல வேண்டாம், பெண்களுக்கு நடப்பது வேண்டவே வேண்டாம் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். நிகில் சரி என்றான். ரகு, "எனக்கு ரெண்டு பேரைச் சல்லிசா பேசி முடிச்சு விடுறா, மூட்டை தூக்க ஆள் இல்லாம இடுப்பு போச்சு" என்றான். வித்யா அவன் மேல் பென்சிலை எறிந்தாள்.

மூன்று பேரையும் கேட்டார். நாலடி தள்ளி, கதவில்லாத வாசலுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். என்னைக் கேட்கவில்லை. தண்ணீர் எடுக்க வருவதற்குக்கூட என்னைக் கேட்கிறவர். நான் ஆட்டத்தில் இல்லை, அவருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நடுவில் வந்த சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தார். கதைக்காக, ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சாப்பிடும்போது சொன்னார். அவர் பேண்ட் மடிப்பில் சாம்பல் நிறப் பொடி அடைந்திருந்தது. எனக்கு அந்தப் பொடியைத் தெரியும். தண்ணீரில் போட்டால் லேசில் போகாது.

அந்த ஞாயிறு, ரகு விளையாட்டாகத்தான் தொடங்கினான். சந்தையில் அவன் ஆள் ஒரு அடிமையை வாங்கினான். மலைக்குள் இருக்கிற சுரங்கத்தில் பொறிகள் இருக்கும், அவனை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போகலாம் என்பது அவன் திட்டம். அவர், "அவன் பேரைக் கேக்கறயா?" என்றார். பேர் எதற்கு, ஒண்ணாம் நம்பர் என்று வைத்துக்கொள் என்றான் ரகு.

"சரி. ஒண்ணாம் நம்பர் உன்னைப் பாத்துக் கேக்கறான். என்ற தம்பி இன்னும் உள்ள கல்லு ஒடைக்கறான், அவனையும் வாங்குவீங்களாங்கறான்."

ரகு பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். தம்பியை வாங்க அவர்களிடம் வழி இல்லை. முதலில் அண்ணனைத் தப்பவிடுவது, அவன் வெளியே போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து தம்பியை மீட்பது என்று முடிவானது. மழை கொட்டுகிற நேரத்தில் அண்ணன் ஓடினான். நிகில் பகடையை உருட்டினான். நல்ல எண் விழுந்தது. "தப்பிச்சான், தப்பிச்சான்" என்று மேசையைத் தட்டினான். வாசலுக்கு இந்தப் பக்கம் நானும் நறுக்குவதை நிறுத்தியிருந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீ கொதித்துவிட்டது. கப்புகளில் ஊற்றி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் குரலைத் தாழ்த்தி மேலே சொல்லிக்கொண்டிருந்தார். மழை விட்டதும் மேஸ்திரி வந்து எண்ணுகிறான். ஒரு தலை குறைகிறது. அண்ணன் எங்கே என்று தம்பியைக் கேட்கிறான்.

"வெளிக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான்னு தம்பி சொல்றான்."

நான் தட்டை மேசையில் வைத்தேன். கை நீட்டி டம்ளரைக் கவிழ்த்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில், அப்பா வாங்கிய அட்வான்ஸுக்காக எங்கள் குடும்பமே ஒரு கல்குவாரிக்குப் போனது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் இல்லை. வாங்கியது கழியவே கழியாது, வெளியே போகவும் முடியாது. ஆறு வருஷம் அங்கே இருந்தோம். மத்தியானம் வெடி வைக்கிற நேரத்தில் எல்லாரும் தூரமாக ஓடி நிற்க வேண்டும். ஒரு நாள் எல்லாரோடும் நானும் ஓடினேன். அவர்கள் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை. தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சம்பாதித்துக்கொண்டு வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவன் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான், என்னுடையது முதுகில் கிழிந்திருந்ததால். அது எனக்குப் பத்தாது. இருந்தும் வாங்கிக்கொண்டேன்.

வெடி முடிந்து எண்ணும்போது மேஸ்திரி அவனைத்தான் கேட்டானாம். அவன் சொன்னது அந்த வார்த்தைதான். வெளிக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான். அதைச் சொல்லிச் சொல்லியே சாயங்காலம் வரை ஓட்டியிருக்கிறான். அதற்குள் நான் ரயில் ஏறிவிட்டேன். என் பங்குக் கல்லையும் அவனை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் மழையில் சரிவு இளகி ஒரு கல் உருண்டு வந்ததாம். அவனுக்குப் பதினொரு வயது. ஊர்க்காரர் ஒருவர் கிர்க்கிக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னார். நான் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அந்த வார்த்தையை இவர் எங்கே கேட்டார் என்று தெரியாது. எல்லாக் குவாரியிலும் எல்லாத் தம்பிகளும் அதையேதான் சொல்வார்களோ என்னவோ.

கவிழ்த்த டம்ளரை நாலு பேரும் பார்த்தார்கள். "அரே, அண்ணா ஆட்டத்துல இல்லையே" என்றான் நிகில். அவர் காகிதங்களைப் புரட்டி மூடினார். "கேட்டுட்டுத்தானே இருந்தாரு. கேக்கறவங்க எல்லாரும் ஆட்டத்துலதான் இருக்காங்க. நான்தான் அவரைக் கேக்காம உட்டுட்டேன்" என்றார்.

நான் உள்ளே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டேன். கழுவ ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். வாங்க என்றேன். குடிக்காமல் ஆறிப்போன கப்புகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். "உங்களையும் கேட்டிருக்கோணும். தப்பு என்னுதுங்கண்ணா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அப்போது அவர் ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, போய்விட்டார். அவர் போட்ட விதிக்கு அவரே கட்டுப்பட்டிருந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து மூன்று பேரையும் கேட்ட பிறகு எழுந்து சமையலறை வாசலுக்கு வருவார். "அண்ணா, இன்னிக்கு எது வேண்டாமுங்?" என்பார். ஒன்றும் இல்லை என்பேன். ஒரு வாரம்கூட அவர் அதை விட்டதில்லை. மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. அந்த எவர்சில்வர் டம்ளரை நான் நிமிர்த்தாமலே எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், அங்கே அது கவிழ்ந்தபடியே இருந்தது. புதிதாக வந்த பையன் ஒருவன் தண்ணீர் குடிக்க அதை எடுக்கப் போனபோது, அவர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கதை வேறு ஊர்களுக்குப் போனது. ஆனால் அந்த மலை ஊருக்குள் ஒரு தம்பி இருந்தான். கதை நின்ற இடத்தில், மேஸ்திரிக்கு முன்னால், அப்படியே நின்றுகொண்டிருந்தான். நான் டம்ளரை நிமிர்த்தாமல் யாரும் அங்கே திரும்பிப் போக முடியாது. ரகு எப்போதாவது, "அண்ணா, உங்க மனசு எப்ப எறங்குதோ சொல்லுங்க, அந்தப் பொடியனைக் கூட்டிட்டு வரணும்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அவன் தன் காகிதத்தில் ஒண்ணாம் நம்பர் என்பதை அடித்துவிட்டு ஒரு பெயரை எழுதி வைத்திருப்பதை நான் பார்த்தேன். அவர், "சும்மா இருடா" என்பார். நான் பாத்திரத்தைத் தேய்ப்பேன். ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது டம்ளரைச் சுற்றித் துடைப்பேன். இன்றைக்கு நிமிர்த்திவிடலாம் என்று எத்தனையோ ஞாயிறு நினைத்திருக்கிறேன். நிமிர்த்தினால் அவர் கேட்பார், நான் சொல்லலாம். அவர் முதலில் கேட்கட்டும், பிறகு நிமிர்த்தலாம் என்றும் இருந்தது. அவர் நான் நிமிர்த்தக் காத்திருந்தார் போல. இப்படியே வருஷங்கள் போயின.

கம்பெனி அந்த வீட்டை விட்டுவிட்டது. அவர் வேறு வேலைக்கு மாறி விமான் நகரில் தனியாக வீடு எடுத்தார். அங்கே ஒரு ஆபீஸ் கேண்டீனில் எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சமையல், பிறகு ஆட்டம். டம்ளரை நிமிர்த்தாமல் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் தானே கொண்டுபோய், புது ஃப்ரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்தார். வித்யா கல்யாணமாகி அமெரிக்கா போனாள். நிகில் எப்போதாவது வந்தான். கடைசியில் ரகுவும் அவரும் மட்டுமே மேசையில் இருப்பார்கள். அப்போதும் எழுந்து வாசலுக்கு வந்து என்னைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

ஒரு ஜூலை மாதம், புதன்கிழமை, ஆபீஸுக்குப் போகிற வழியில் மழையில் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. கேண்டீனுக்கு ரகு போன் செய்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். முப்பத்து மூன்று வயது. ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வீட்டைக் காலி செய்ய அவர் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, ஒல்லியான ஆள். அதே கூன். ரகுவும் நானும் இரண்டு நாளாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். பகடைகளை ஒரு பையில் போட்டு ரகு தன்னிடம் வைத்துக்கொண்டான். சமையலறைப் பாத்திரம் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய், பெட்டி ஒட்டியும் ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த டம்ளரை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

பெரியவர் மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன், பிறகு ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன். கயிறு கட்டிக்கொண்டிருந்த ரகு நிமிர்ந்தான். என்னைப் பார்த்தவன், பார்வையைத் திருப்பிக்கொண்டு மறுபடி கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.

டம்ளரை எடுத்தேன். இருந்த இடத்தில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. நிமிர்த்தினேன். உள்ளே சுத்தமாக, பளபளப்பாக இருந்தது. வெளியேதான் தூசி. கழுவித் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். கீழே வைக்கப் போனவர் விளிம்பைப் பார்த்தார். வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினார்.

"அவங்கம்மா பேருங்க. சீர்ல வந்தது. வேற எல்லாத்தயும் எடைக்குப் போட்டாச்சு, இத எப்ப எடுத்துட்டு வந்தான்னே தெரியல" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். அவர் மனைவி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போனாள். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன்தான் முதலில் பார்த்தான். எழவுக்கு வந்தவர்கள், போலீஸ், சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். எப்படிப் பார்த்தாய், என்ன நடந்தது, முதல் நாள் வீட்டில் ஏதாவது சண்டையா. நடந்ததை அவன் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னான். பதினாறாம் நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

"நானும்தானுங்க கேட்டேன்" என்றார். "மத்தவங்களாச்சும் ஒருக்காக் கேட்டாங்க. நான் எத்தனையோ தரம் கேட்டேன். அப்பறம் அவன் பேசறதே கொறஞ்சு போச்சு."

ரகு கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். வெளியே மழை விட்டிருந்தது. பெரியவர் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துக்க வீட்டில் பேச்சை வேறு பக்கம் திருப்ப எல்லாரும் கேட்பது போலத்தான் என்னைக் கேட்டார்.

"உங்களப் பத்தி என்ற பையன் போன்ல சொல்லுவானுங்க. உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?"

வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. டம்ளர் அவர் கையில் நிமிர்ந்திருந்தது.

"ஒரு தம்பிங்க" என்றேன்.

"எங்க இருக்கறாருங்க?"

"இல்லீங்க. பதினொரு வயசுல போயிட்டான். என்னாலதான்."

ரகு தலையைத் தூக்கினான். பெரியவர் அப்படியா என்று சொல்லவில்லை. என்னால் என்றால் எப்படி என்றும் கேட்கவில்லை. நான் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"பேரு என்னங்க?" என்றார்.

"மாதப்பன்."

இருபது வருஷத்துக்கு மேலாக நான் வாயால் சொல்லாத பெயர். அவர் அதை மெதுவாக, ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மாதப்பன். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.